மார்க்கோனியும் எண்டிசை ஏரியலும்

பெரியோர் சிலருடைய பெயர் நூல்களிலே வாழ்கின்றது. வேறு சிலருடைய பெயரோ நாம் நாடோறும் காணும் எளிய பொருள்களிலே மறைந்து நின்று வாழ்கின்றது. கம்பியில்லாத் தந்தியின் தந்தையென உலகம் போற்றும் குலியெல்மோ மார்க்கோனி இவ்விரண்டாம் வகையினர். சிலாபக் கரையிலிருந்து ஆழ்கடலுக்குச் செல்லும் மீன்பிடிப் படகுகளின் கூரைமீது மெல்லிய கோலொன்று நிமிர்ந்து நிற்பதை உடப்பு முதல் நீர்கொழும்பு வரை யாவரும் கண்டிருப்பர். இன்றையோர் அதனை அன்ரனா என்பர். முந்திய தலைமுறையினர் ஏரியல் என்றனர். அஃது எந்த ஒரு திசையையும் நோக்கி நிற்பதன்று; ஆதலால் எல்லாத் திசைகளுக்கும் ஒப்பப் பேசுகின்றது. உதவி எத்திசையில் உள்ளதென்று அறியாத ஒருவனுக்கு இதனினுஞ் சிறந்த துணை வேறில்லை.

இத்தகைய எண்டிசை ஏரியலை நெடுந்தூரம் செய்தி செலுத்தும் கருவியாக்கியவர் மார்க்கோனி. அதனாற் பெரும்புகழ் பெற்றவரும் அவரே. பின்னர் அதனை விடுத்து ஒரு திசையை மட்டும் நோக்கும் ஏரியலை நாடியவரும் அவரே. இவ்விரண்டிற்கும் இடையே நடந்த அன்னாரின் வாழ்க்கையை எம் கல்லூரியின் இவ்விழா மலரிற் சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம்.

இளமையும் கல்வியும்

மார்க்கோனி 1874 ஆம் ஆண்டு ஏப்பிரில் 25 ஆந் திகதி இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரிற் பிறந்தார். தந்தையார் நிலபுலம் மிக்கவர். தாயார் அன்னி ஜேம்சன் அயர்லாந்து நாட்டவர். செல்வமும் தொடர்பும் உள்ள வணிகக் குடும்பத்தில் வந்தவர். மகனுடைய முயற்சியைத் தொடக்கத்திலேயே நம்பி ஊக்கியவர் தாயாரே.

மார்க்கோனிக்குப் பல்கலைக்கழகப் பட்டம் வாய்க்கவில்லை. வீட்டிலும், பின்னர் லிவோர்னோ நகரில் வின்சென்சோ றோசா என்னும் ஆசிரியரிடமும் பௌதிகம் பயின்றார். பொலோஞாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அவுகுஸ்தோ றீகி, பதிவு பெற்ற மாணவரல்லாத இவ்விளைஞருக்குத் தம் விரிவுரைகளுக்கும் நூலகத்திற்கும் வழி திறந்துவிட்டார். நல்லாசிரியர் ஒருவர் திறந்துவிட்ட கதவு உலகிற்கே பயன்பட்ட வரலாறுகளுள் இதுவும் ஒன்று.

அக்காலத்திற்குச் சிறிது முன், 1888 ஆம் ஆண்டளவில், ஜேர்மனிய அறிஞர் ஹைன்றிச் ஹேர்ட்ஸ் மின்காந்த அலைகள் உளவென்பதைத் தம் ஆய்வுகூடத்திற் செய்து காட்டினார். 1894 ஆம் ஆண்டு தொடக்கத்தில், முப்பத்தாறே வயதில், அவர் மறைந்தார். அவருடைய ஆராய்ச்சியைப் பற்றி அவ்வாண்டிலே படித்த மார்க்கோனிக்கு, அவ்வலைகளைக் கொண்டு கம்பியின்றியே தந்தி அனுப்பலாமே என்னும் எண்ணம் உதித்தது. அதே காலத்திற் கல்கத்தாவிலே ஜகதீச சந்திர போசும், உருசியாவிலே பொப்போவும் இவ்வலைகளை ஆராய்ந்து வந்தனர். போசு கையாண்டவை மிகச் சிறிய அலைகள். அவற்றைக் கொம்பு வடிவான குழாயினூடு ஒரே முகமாகச் செலுத்தினார். மார்க்கோனி சென்ற வழி இதற்கு மாறானது.

மண்ணில் ஊன்றிய கம்பி

பொலோஞாவை அடுத்த பொந்தேக்கியோவில் உள்ள குடும்ப மாளிகையின் மேன்மாடமே மார்க்கோனியின் முதல் ஆய்வுகூடம். ஹேர்ட்ஸ் வகுத்த கருவியில் உலோகத் தண்டுகள் இரண்டு எதிரெதிராக நின்றன; அவற்றிடையே மின்பொறி பாயும்போது அலை எழுந்தது. அவ்வலை அறையின் எல்லையைக் கடந்து வெகுதூரம் செல்லவில்லை. 1895 ஆம் ஆண்டில் மார்க்கோனி ஒரு மாற்றம் செய்தார். இரண்டு முனைகளுள் ஒன்றை உயர்ந்த கம்பத்தின் உச்சிக்கு ஏற்றினார். மற்றதை மண்ணோடு இணைத்தார். வாங்கும் கருவிக்கும் அவ்வாறே செய்தார். சில நூறு மீற்றரில் நின்ற செய்தி இப்போது ஏறத்தாழ இரண்டு கிலோமீற்றர் சென்றது. இடையே நின்ற குன்றையும் தாண்டிற்று. குன்றின் அப்புறத்தில் நின்ற தமையனார் அல்பொன்சோ, செய்தி வந்ததென்பதைத் துப்பாக்கி வெடியால் அறிவித்தாரென்பர்.

இம்மாற்றம் பயன் தந்த காரணத்தை நம் மாணவர் அறிதல் நன்று. மின்னோட்டம் கம்பியிலே ஒரே சீராக ஓடும்போது அலை பிறப்பதில்லை. மேலுங் கீழுமாக விரைந்து ஊசலாடும்போதே பிறக்கின்றது. தெளிந்த குளத்தின் நடுவே ஒரு தடியை நிறுத்தி மேலுங் கீழும் அசைத்தால், நீர் வட்ட வட்டமாக விரிந்து எல்லாக் கரைகளையும் ஒரே நேரத்தில் நாடுகின்றதன்றோ? செங்குத்தாக நிற்கும் கம்பியும் அவ்வாறே. வடக்கிலிருந்து பார்ப்பினும் தெற்கிலிருந்து பார்ப்பினும் அதன் தோற்றம் ஒன்றே. எனவே அது விடும் அலையும் எப்பக்கமும் ஒன்றே.

ஆயினும் எண்டிசை என்பது தரையோடொட்டிய திசைகளையே குறிக்கும். வானையும் பாதாளத்தையும் அன்று. கம்பியின் பக்கங்களிலேதான் அலை வலிமையாக எழுகின்றது. அதன் நுனி காட்டும் நேர்மேலே அலை இல்லை. வெளியிற் பரவும் ஆற்றலின் வடிவத்தை வரைந்தால் அஃது உழுந்துவடையை ஒத்திருக்கும். வடையின் துளையினூடு கம்பி நிற்பதாகக் கொள்க. எத்திக்கிலும், மேலுங் கீழும், முற்றும் ஒப்பப் பரப்பும் ஏரியல் கணக்கில் உண்டேயன்றி உலகில் இல்லை.

இனி, மண்ணின் தொழில் யாது? மண் ஒரு கண்ணாடி போன்றது. தரைமேல் நிற்கும் கம்பியின் நிழலுருவம் தரைக்குக் கீழே நிற்பதுபோல மின்புலம் அமைகின்றது. எனவே பாதிக் கம்பியை நட்டவனுக்கு மற்றப் பாதியை மண் இலவசமாகக் கொடுக்கின்றது. அலைநீளத்தின் காற்பங்கு உயரமுள்ள கம்பி இவ்வாறு அரைப்பங்குக் கம்பியின் தொழிலைச் செய்கின்றது. அலைநீளத்தை மீற்றரில் அறிய, 300 ஐ மெகாஹேர்ட்ஸில் உள்ள மீடிறனால் வகுத்தாற் போதும். 1 மெகாஹேர்ட்ஸ் மீடிறனுள்ள மத்திய அலைக்கு அலைநீளம் 300 மீற்றர். காற்பங்கு 75 மீற்றர். அதனாலேயே மத்திய அலை ஒலிபரப்பு நிலையங்களிற் பெருங்கோபுரம் முழுவதுமே ஏரியலாக நிற்கின்றது. அதன் அடியில் ஆரக்கால்கள் போலச் செப்புக் கம்பிகள் புதைக்கப்படுகின்றன.

மண்ணினும் சிறந்த கண்ணாடி உப்புநீர். வறண்ட மணலினும் பன்மடங்கு நன்றாக அது மின்னைக் கடத்துகின்றது. ஆகவே மார்க்கோனியின் கம்பிக்கு இயற்கை வகுத்த களம் கடலே என்பது மிகையாகாது.

கடலை நாடியமை

1896 ஆம் ஆண்டு தொடக்கத்தில் மார்க்கோனி தாயாருடன் இங்கிலாந்து சென்றார். அவ்வாண்டு யூன் மாதத்தில் உரிமைப் பத்திரத்திற்கு விண்ணப்பித்தார். பிரித்தானிய அஞ்சற்பகுதியின் தலைமைப் பொறியியலாளர் வில்லியம் பிறீசு அவருக்கு ஆதரவளித்தார். 1897 மே மாதத்திற் பிறிஸ்டல் கால்வாயிலே, கரைக்கும் ஒரு சிறு தீவுக்கும் இடையே, ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் செய்தி சென்றது. அவ்வாண்டிலேயே அவருடைய கம்பனி தோன்றிற்று. 1899 மார்ச்சில் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையேயுள்ள கடலையும் செய்தி கடந்தது.

அதற்கு அடுத்த மாதத்தில் நிகழ்ந்த ஒன்று சிறிதாயினும் நினைக்கத்தக்கது. இங்கிலாந்தின் தென்கிழக்கே, குட்வின் மணற்றிட்டின் அருகே நங்கூரமிட்டிருந்த வெளிச்சக் கப்பலின்மீது மூடுபனியில் ஒரு நீராவிக் கப்பல் மோதிற்று. வெளிச்சக் கப்பலில் மார்க்கோனியின் கருவி இருந்தது. உதவி வேண்டிச் செய்தி கரைக்கு எட்டியது. கடலில் ஆபத்துற்றோர் கம்பியில்லாத் தந்தியால் உதவி கேட்ட தொடக்க நிகழ்வுகளுள் இதுவும் ஒன்று.

1901 டிசெம்பர் 12 ஆந் திகதி நிகழ்ந்ததே மார்க்கோனியின் பெயரை உலகெங்கும் பரப்பிற்று. இங்கிலாந்தின் மேற்குக் கோடியிலுள்ள போல்டூவில் இருந்து அனுப்பப்பட்ட ஓர் எழுத்தின் மூன்று புள்ளி ஓசையை, ஏறத்தாழ 3,400 கிலோமீற்றருக்கு அப்பால் நியூபவுண்ட்லாந்துத் தீவிலே தாம் கேட்டதாக அவர் அறிவித்தார். போல்டூவில் முதலில் எழுப்பிய கம்பங்கள் செப்டெம்பர் மாதப் புயலில் வீழ்ந்தமையால் அவசர ஏற்பாடாக வேறு கம்பிகள் கட்டப்பட்டிருந்தன. நியூபவுண்ட்லாந்திலோ, ஏரியற் கம்பி ஒரு பட்டத்தின் வாலிற் கட்டி உயர்த்தப்பட்டது. காற்றிலே அது தாழ்ந்தும் எழுந்தும் ஆடிற்று. பகற்பொழுதிலே அத்துணைத் தொலைவில் அவ்வோசை கேட்டிருத்தல் கூடுமோ என ஐயுற்றோர் அன்றும் உளர், இன்றும் உளர். ஆயின் 1902 பெப்ரவரியிற் கப்பலொன்றிற் பயணஞ் செய்து அவர் எடுத்த பதிவுகள் ஐயத்திற்கு இடமின்றி நெடுந்தூரத் தொடர்பை நிறுவின. இரவில் அலை பகலினும் பன்மடங்கு தூரம் செல்கின்றதென்பதும் அப்போதே வெளிப்பட்டது. வானின் உயர்மட்டத்தில் உள்ள மின்படை அலைகளைத் திருப்பியனுப்புகின்றதென்பது பின்னர் விளங்கிற்று. 1909 இற் பௌதிகத்திற்கான நோபெற் பரிசை அவர் ஜேர்மனியப் பேராசிரியர் பிறவுனோடு பகிர்ந்து பெற்றார்.

குரலும் செவியும்

கப்பல்களில் அக்காலத்து வழங்கிய அலை 600 மீற்றர் நீளமானது. அதன் காற்பங்கு 150 மீற்றர். அத்துணை உயர்ந்த பாய்மரம் எக்கப்பலிலும் இல்லை. ஆதலால் இரண்டு கம்பங்களுக்கிடையே கம்பிகளைக் கிடையாகக் கட்டி, நடுவிலிருந்து ஒரு கம்பியைச் செங்குத்தாக இறக்கினர். கிடைக்கம்பி குறைந்த உயரத்தை ஈடுசெய்தது. இறங்கிய கம்பியே பெரும்பாலும் அலையை நாற்புறமும் விட்டது. டைட்டானிக் கப்பலின் ஏரியலும் இவ்வகையினது.

1912 ஏப்பிரில் 14 ஆந் திகதி இரவு டைட்டானிக் பனிமலையில் மோதியபோது, மார்க்கோனி கம்பனியின் ஊழியரான ஜாக் பிலிப்சும் ஹறல்ட் பிறைடும் இடையறாது அபாயச் செய்தி விடுத்தனர். குறித்த எவரையும் நோக்கியதன்று அச்செய்தி. கேட்கும் எல்லாருக்கும் உரியது. பல கப்பல்களும் கேப் றேசுக் கரைநிலையமும் அதனைக் கேட்டன. ஏறத்தாழ 90 கிலோமீற்றருக்கு அப்பால் நின்ற கார்பேதியா விரைந்து வந்து 700 பேருக்கு மேற்பட்டோரை மீட்டது. ஏறத்தாழ 1,500 பேர் மாண்டனர். அதனினும் மிக அருகில் நின்ற கலிபோர்ணியன் என்னும் கப்பலிலோ, ஒரே ஒரு தந்தியாளர் தம் கடமை முடித்து உறங்கச் சென்றிருந்தார். அலை அக்கப்பலின் ஏரியலையும் தொட்டுச் சென்றிருத்தல் வேண்டும். கேட்கும் செவி அங்கே இல்லை.

எல்லாத் திசைக்கும் பேசும் கருவி இருந்தாற் போதாது, எந்நேரமும் கேட்கும் செவியும் வேண்டும் என்பதை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. 1914 இல் இலண்டனில் நிறைவேறிய கடலுயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, பெருங்கப்பல்களில் இடைவிடாத கேள்விக் காவலை விதித்தது. உயிர் பிழைத்தோர் மார்க்கோனியைத் தம் காவலராகப் போற்றினர். பிலிப்சு கப்பலோடு மாண்டார் என்பதையும் நாம் மறத்தலாகாது.

ஒருதிசை ஏரியல்

எண்டிசை ஏரியலின் குணமே அதன் குறையுமாகும். குத்துவிளக்கு அறையின் எல்லாப் பக்கமும் ஒளி தருகின்றது. ஆயின் தூரத்துப் பொருளைக் காட்டுவதற்கு டோர்ச் விளக்கே வேண்டும். நாற்புறமும் பரவும் ஆற்றல் விரைவில் மெலிந்துவிடுகின்றது. தடையற்ற வெளியில் தூரம் இரட்டித்தால் வந்தடையும் வலு காற்பங்காகின்றது. ஒருவரோடு மட்டும் பேச விரும்புவோனுக்கு மற்றத் திசைகளிற் சென்றதெல்லாம் வீண். அன்றியும், யாவரும் கேட்கலாம், இரகசியம் இல்லை.

அரசுகளும் வணிகரும் வேண்டியது ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு உறுதியான தொடர்பு. முதலாம் உலகப் போர்க்காலத்திலிருந்தே மார்க்கோனியும் அவருடைய துணைவர் பிறாங்கிளினும் சிற்றலைகளை ஆராய்ந்தனர். பல கம்பிகளைத் திரைபோல வரிசையாகத் தொங்கவிட்டு, பின்னே மற்றொரு திரையை நிறுத்தினால், அலைகள் ஒரு திசையில் ஒன்றையொன்று வலுப்படுத்தி, மற்றத் திசைகளில் ஒன்றையொன்று அழிக்கின்றன. இதுவே கற்றை முறை. 1926 இல் இங்கிலாந்துக்கும் கனடாவுக்கும் இடையே இது தொடங்கிற்று. 1927 இல் அவுஸ்திரேலியாவும் தென்னாபிரிக்காவும் இந்தியாவும் இணைந்தன. இந்தியாவின் நிலையங்கள் பூனாவை அடுத்த கிர்க்கியிலும் தோந்திலும் அமைந்தன. கடலடித் தந்திக் கம்பனிகள் இப்போட்டியைத் தாங்கமாட்டாது 1929 இற் கம்பியில்லாத் தந்தித் தொழிலோடு இணைய நேர்ந்தது.

இலங்கையில்

இலங்கையின் வானொலி வரலாறு எட்வர்ட் ஹாப்பர் என்னும் தந்திப்பகுதிப் பொறியியலாளரோடு தொடங்குகின்றது. போரிற் கைப்பற்றப்பட்ட ஜேர்மனிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு அவர் பரிசோதனை ஒலிபரப்புச் செய்தார். 1925 டிசெம்பர் 16 ஆந் திகதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கிற்று. நாற்புறமுமுள்ள வீடுகளுக்கு ஒரே நேரத்திற் பாட்டும் செய்தியும் அனுப்பும் ஒலிபரப்பு, மார்க்கோனியின் பழைய எண்டிசைக் கம்பி பெற்ற மறுபிறவி எனலாம். முன்னர்க் குறையெனப்பட்ட இரகசியமின்மை இங்கே குணமாயிற்று. பின்னாளில் இலங்கை வானொலியின் தமிழ் ஒலிபரப்பு தமிழகத்து ஊர்களெங்கும் விரும்பிக் கேட்கப்பட்டதை மூத்த மாணவர் நன்கறிவர்.

மற்றை வகை ஏரியலும் நம் மாவட்டத்திலேயே நின்றது. சிலாபத்தின் தெற்கே இரணவில கரையில், மக்களின் எதிர்ப்புக்கிடையே, 1990 களில் அமெரிக்காவின் குரல் நிலையத்திற்காகத் திரை ஏரியல்கள் எழுப்பப்பட்டன. அவை கடல் கடந்த தூரநாடுகளை நோக்கியவை. அருகிற் செல்லும் படகோடு பேசுதற்கு அமைந்தவை அல்ல. பின்னர் அவ்வொலிபரப்பு நின்றது. ஒரே கரையில் இருவகை ஏரியலும் நின்றமை எம் மாணவருக்கு நல்ல பாடம்: அரசியல் வேண்டுவது ஒரு திசை, ஆபத்துற்றோன் வேண்டுவது எல்லாத் திசையும்.

இன்றைய பயன்கள்

விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம், பொலிசு வாகனம், அம்புலன்சு, கைத்தொலைபேசி, வீட்டு இணையக் கருவி ஆகிய யாவும் எண்டிசை ஏரியலையே நம்புகின்றன. பேசுவோன் இடம் மாறிக்கொண்டிருக்குமிடத்து ஏரியலைத் திருப்பிக்கொண்டிருத்தல் இயலாதன்றோ? கைத்தொலைபேசிக் கோபுரங்களில் மட்டும் பெரும்பாலும் மூன்று முகமாக ஏரியல்களை வைத்து வட்டத்தைப் பங்கிடுகின்றனர்.

கப்பல்களும் படகுகளும் அபாயத்திற்கு அழைக்கும் 16 ஆம் அலைவரிசையின் மீடிறன் 156.8 மெகாஹேர்ட்ஸ். இதன் அலைநீளம் ஏறத்தாழ 1.9 மீற்றர். கண்ணாடிநார்ப் படகின் கூரை நல்ல மண்ணாகாமையால், மண்ணை வேண்டாத அரை அலைநீள ஏரியல் அங்கே வழங்குகின்றது. அதன் நீளம் ஒரு மீற்றரளவே. இவ்வலை நிலவளைவைப் பெரிதும் கடவாது. எனவே ஏரியலின் உயரமே தூரத்தைத் தீர்மானிக்கின்றது. நான்கு மீற்றர் உயரத்தில் ஏரியல் உள்ள இரண்டு படகுகள் ஏறத்தாழ 16 கிலோமீற்றர் வரை பேசலாம். கரையிலே 36 மீற்றர்க் கம்பம் இருப்பின் அது 33 கிலோமீற்றராகும்.

ஏரியற் பாகங்களை ஒன்றன்மேலொன்றாக அடுக்கி, வடையைத் தோசைபோலத் தட்டையாக்கினால் தூரம் கூடும். ஆயின் சிறு படகு அலையில் உருளும்போது அத்தோசையும் சரிந்து, ஒருகால் வானையும் ஒருகால் நீரையும் நோக்கும். ஆதலால் உருளும் படகிற்கு அளவான ஏரியலே ஏற்றது. கரைக்கு எட்டாத ஆழ்கடலில், 406 மெகாஹேர்ட்ஸில் செய்மதியை அழைக்கும் அபாயக் கருவி உதவுகின்றது. அதன் சிறுகோலும் திசை பாராது பேசுவதே.

புகழும் நிழலும்

மார்க்கோனியின் பிற்காலத்தை மறைத்துக் கூறுதல் வரலாறாகாது. 1923 இல் அவர் முசோலினியின் பாசிசக் கட்சியிற் சேர்ந்தார். 1930 இல் இத்தாலிய அரச கழகத்தின் தலைவரானார். அவர் தலைமை வகித்த காலத்தில் அக்கழகத்தில் யூதர் ஒருவரும் உறுப்பினராகச் சேர்க்கப்படவில்லை. பெயர்ப் பட்டியல்களில் யூதர் தனியே குறியிடப்பட்டிருந்தமையைப் பிற்கால ஆராய்ச்சி வெளிப்படுத்திற்று. இன்னார் இனியார் என்று பாராது எல்லாத் திசைக்கும் பேசிய கருவியை ஆக்கியவர், மனிதரிடையே அவ்வொப்புரவைப் பேணாமை வருந்தத்தக்கதே. கருவியின் இயல்பு அதனைச் செய்தவனுடைய உள்ளத்திற்குத் தானாக வந்துவிடுவதில்லை.

1937 ஆம் ஆண்டு யூலை 20 ஆந் திகதி, தம் அறுபத்து மூன்றாம் வயதில், அவர் உரோமாபுரியிற் காலமானார். பிரித்தானியாவிலும் பிற நாடுகளிலும் வானொலி நிலையங்கள் இரண்டு நிமிடம் மௌனம் அனுட்டித்தன. அவரைப் போற்ற, அவர் எழுப்பிய ஒலியை நிறுத்துவதே தக்க அஞ்சலியாக உலகிற்குத் தோன்றிற்று.

எம் கல்லூரி மாணவர் இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்கவை பல. பட்டமில்லாத இளைஞர் ஒருவர் மண்ணையே துணைக்கொண்டு உலகை எட்டினார். அவர் நட்ட கம்பி இன்றும் கடலிற் செல்வோரைக் காக்கின்றது. ஆயின் கம்பி செய்வது பாதிப் பணியே. பெருங்கப்பலாயினும் சிறு தோணியாயினும், அழைப்பைக் கேட்க விழித்திருக்கும் ஒருவர் கரையிலும் கடலிலும் இருத்தல் வேண்டும். பொறியியலாளராகவும் அரசாங்க உத்தியோகத்தராகவும் மீன்பிடிச் சங்கங்களின் நிருவாகிகளாகவும் வருங்காலத்திற் பணிபுரியப்போகும் எம் மாணவர், கம்பியை நிமிர்த்துவதோடு அமையாது அக்கேள்விக் காவலையும் ஏற்பாராக.